ஆயுதம் எடுக்காதவர்களின் ஒன்றுகூடல்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து தீவகத்துக்குள் இறங்குகிறவர், ஒரே நாளில் போரின் மூன்று நினைவிடங்களைப் பார்த்துவிடலாம். ஊர்காவற்றுறைப் பக்கம் அராலித்துறை முனையில், 1992 ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்ணிவெடியில் இறந்த படைத்தளபதி டென்சில் கொப்பேகடுவவுக்கும் அவருடன் இறந்த அதிகாரிகளுக்கும் எழுப்பிய சின்னம் இருக்கிறது. வேலணைச் சாட்டியில் விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலுமில்ல நிலம் கிடக்கிறது. நவம்பர் 27 மாலையில் அங்கே விளக்கெரியும். குறிகட்டுவானில் படகேறி ஒரு மணி நேரம் கடலில் போனால், நெடுந்தீவு மாவிலித்துறைக்குப் பக்கத்தில் குமுதினிப் படகில் இறந்தவர்களின் நினைவிடம். முதலாவதற்குப் பின்னால் ஓர் அரசு நிற்கிறது. 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ரணவிரு சேவா அதிகாரசபையும், ஓய்வூதியமும், ஆண்டுதோறும் மே மாதத்து விழாவும் அந்தப் படையினருக்கு உண்டு. இரண்டாவதைத் தேடி வருகிறவர் யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தபடியே பல ஆண்டுகள் வந்தார். மூன்றாவதற்கு வருகிறவர்கள் எந்தப் படையிலும் இருந்தவர்கள் அல்லர். மீன்பிடிப்பவர், ஆசிரியர், கூட்டுறவுக் கடை மனேஜர், பரீட்சை எழுதப் போன பிள்ளையின் தாய் என்று ஒரு காலை அந்தப் படகில் ஏறியவர்களின் உறவுகள்.

தீவகத்தில் போரின் நினைவை ஆண்டுக்கு ஆண்டு கூடிக் காத்தது இந்த மூன்றாவது வகையினரே. அவர்கள் அதற்குக் கட்டிய அமைப்பின் பெயர் ஊர்ச்சங்கம். கூடும் நாளின் பெயர் ஒன்றுகூடல். மற்ற நாடுகளில் முன்னாள் படைவீரர் சங்கங்கள் செய்த வேலை அத்தனையையும் இந்த ஊர்ச்சங்கங்கள் தம் தலையில் ஏற்றிக்கொண்டன. அதைச் செய்கிறோம் என்று அவை ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. அதனால்தான் அவற்றின் வரலாற்றைப் போரின் வரலாற்றோடு சேர்த்து எழுதும் வழக்கமும் நமக்கு வரவில்லை.

படைவீரர் சங்கம் என்றால் என்ன என்பதற்கு மிகப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 1866இல், வடபகுதிப் படையினர் ‘குடியரசின் மாபெரும் படை’ என்ற பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1890 அளவில் அதன் அங்கத்தவர் தொகை நாலு இலட்சத்தைத் தாண்டியது. ஆண்டுக்கொருமுறை ஒரு நகரத்தில் கூடுவார்கள். போர்க்காலத்து அவரை விதையும் காய்ந்த பிஸ்கற்றும் கோப்பியும் அன்று விரும்பி உண்ணும் பண்டங்களாகிவிடும். இறந்தவரின் பெயர் வாசிப்பார்கள், விதவைக்கு உதவுவார்கள், சிலை வைப்பார்கள், ஓய்வூதியம் கேட்டு அரசை நெருக்குவார்கள். போரிட்டவர் மட்டுமே அதில் சேரலாம். ஆகவே கடைசி அங்கத்தவரான அல்பேர்ட் வூல்சன் 1956இல் இறந்ததோடு சங்கமும் முடிந்தது. வென்றவர்களின் சங்கம்தானே, அரசின் தயவில் வளர்ந்தது என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் தோற்ற தென்பகுதிப் படையினரும் 1889இல், போர் முடிந்து 24 ஆண்டுகளுக்குப் பின், தமக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். 1913இல் கெற்றிஸ்பேர்க் களத்தில் இரு தரப்பிலுமாக ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கிழவர்கள் ஒன்றுகூடினார்கள். தோற்றவரும் கூட முடிந்ததற்குக் காரணம் எளிது: தென் மாநிலங்களின் ஆட்சி அப்போது மறுபடியும் அவர்களுடைய ஆட்களின் கையில் இருந்தது. தோற்ற படைக்கும் ஏதோ ஓர் அரசின் நிழல் வேண்டியிருந்தது. நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம். 1945இல் செங்கோட்டையில் துரோகிகளாக விசாரணைக்கு நின்ற படையின் வீரர்கள், 1972இல் இந்திய அரசு தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்தில் விடுதலைப் போராட்ட வீரர்களாகப் பதிவானார்கள். அரசு ஒன்று ஏற்றுக்கொண்டதும் பழைய படைவீரன் வெளிச்சத்துக்கு வருகிறான்.

ஈழத்தில் ஆயுதம் ஏந்திய தமிழருக்கு அப்படி ஒரு நிழல் இல்லை. 2009க்குப் பின் பன்னீராயிரம் பேரளவில் புனர்வாழ்வு முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். 1979இலிருந்து நடைமுறையில் இருக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், பழைய தோழர்கள் நாலு பேர் ஒரு மேசையில் இருந்து தேத்தண்ணீர் குடிப்பதே விசாரணைக்குப் போதுமான காரணம். 2015இல் முன்னாள் போராளிகள் சிலர் சேர்ந்து ஜனநாயகப் போராளிகள் கட்சி தொடங்கினார்கள். சங்கமாக இருக்க முடியாததைக் கட்சியாக்கிப் பார்த்த முயற்சி அது. தீவகத்துக்கு அதற்கும் முந்திய உதாரணம் ஒன்று உண்டு. வேறோர் இயக்கத்திலிருந்து பிரிந்தவர்கள் 1987இல் தொடங்கிய ஈ.பி.டி.பி. கட்சியும் ஒரு வகையில் பழைய ஆயுததாரிகளின் கூட்டுத்தான். 1994 பொதுத்தேர்தலில் அந்த அணி யாழ்ப்பாண மாவட்டத்தின் 9 ஆசனங்களைப் பெற்றது. கிடைத்த வாக்கோ பதினோராயிரத்தைத் தொடவில்லை. குடாநாடு புலிகளின் கையில் இருந்து வாக்களிக்க முடியாத நிலையில், படையினர் வசமிருந்த தீவுகளின் வாக்கே பெரும்பாலும் மாவட்டத்தின் வாக்கானது. இன்னும் சிலர் கட்சிக்கும் போகாமல் எழுத்துக்குப் போனார்கள். அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001இல் வந்தது. ஓர் இயக்கப் பையனின் நினைவு கூட்டத்தில் பேசப்படாமல் பாரிஸில் தனியாக எழுதப்பட்டது என்பதே நான் சொல்ல வருவதற்குச் சான்று. ஆயுதம் ஏந்தியவர் கூட முடியாத இடத்தில், ஏந்தாதவர் கூடினார்கள்.

ஏந்தாதவர் பக்கம் கணக்கும் நீண்டது. 1985 மே 15 காலை நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினியை நடுக்கடலில் கடற்படையினர் மறித்து, பயணிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வெட்டினார்கள். குறைந்தது 23 பேர் என்றது சர்வதேச மன்னிப்புச் சபை. ஊரார் சொல்லும் கணக்கு 36. 1990 ஆகஸ்டில், யாழ்ப்பாணக் கோட்டைக்குள் அகப்பட்டிருந்த படையினரை மீட்கத் தீவுகளில் இராணுவம் இறங்கியபோது, மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துக்கொண்டு போன இளைஞர் பலர் திரும்பவில்லை. 1991 ஒக்ரோபரில் மிச்சத் தீவுகளும் படையினர் வசமாயின. புங்குடுதீவு போன்ற ஊர்களில் நடக்கக்கூடியவர்கள் எல்லோரும் வள்ளம் ஏறிக் குடாநாட்டுக்குப் போக, நடக்க மாட்டாத முதியவர்கள் வீடுகளில் எஞ்சினார்கள். போனவர்களை 1995 ஒக்ரோபர் 30இன் வலிகாம இடப்பெயர்வு இன்னொருமுறை தூக்கி எறிந்தது. 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டி, வேலணைப் பகுதியில் 13 பேர் வீடுகளுக்குள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் காணாமற்போனார். இந்த வரிசையில் போர்க்களம் என்று சொல்லத்தக்க இடம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். படகு, தேவாலயம், வீட்டு விறாந்தை. போர் நடந்த இடம் ஊராகவே இருந்தபடியால், போர் தப்பியவர்களின் சங்கமும் ஊரின் பெயரையே எடுத்தது.

இந்த இடத்தில் வரக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. ஊர்ச்சங்கம் போருக்கு முந்தியது. அதைப் போரின் பிள்ளை என்று காட்டுவது வரலாற்றைத் திரிப்பது என்று சொல்லலாம். முந்தியது என்பது உண்மை. மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலைக்குப் போன யாழ்ப்பாணத்தார் 1900இலேயே சிலாங்கூர் இலங்கைத் தமிழர் சங்கத்தையும், 1904இல் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் விவேகானந்த ஆச்சிரமத்தையும் தொடங்கிவிட்டார்கள். தீவார் அவர்களில் கணிசமானவர்கள். மலாயன் பென்சனியர் என்ற சொல் தீவகத்தில் ஒரு காலத்தில் மரியாதைப் பட்டம். வேலணையையும் புங்குடுதீவையும் தொடுக்கும் வாணர் தாம்போதி இன்றும் அதற்காகப் பாடுபட்ட சகோதரர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்த புங்குடுதீவார், காரைநகரார், வேலணையார் தங்கள் தங்கள் ஊருக்குப் பள்ளிக்கூடமும் கேணியும் கோயிலும் கட்டச் சங்கம் வைத்திருந்தார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், போசகர், யாப்பு, வருடாந்தப் பொதுக்கூட்டம் என்ற சட்டகம் முழுவதும் அன்றே தயார். ஆனால் அந்தச் சங்கங்களுக்கு ஊர் ஒரு முகவரி. உழைப்பவன் வெளியே, குடும்பம் ஊரில், பணம் போகிறது, ஒருநாள் அவனும் பென்சனோடு போவான். ஒன்றுகூடல் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. ஆனி மாதத்து நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவே அந்த வேலையைப் பார்த்தது. கொழும்புக் கடை பூட்டி ஊருக்கு வந்தவன் தேரடியிலும் அன்னதான மடத்திலும் எல்லோரையும் கண்டுவிடுவான். 1958, 1977, 1983 வன்செயல்கள் கடைகளை எரித்தன. 1991 ஊரை வெறுமையாக்கியது. பணம் அனுப்பிய இடமும் இல்லை, அனுப்ப வேண்டிய இடமும் இல்லை என்ற நிலையில்தான், வெளிநாடுகளுக்குச் சிதறியவர்களிடையே ‘ஊரைச் சேர்ந்தவர்கள் ஓரிடத்தில் கூட வேண்டும்’ என்ற தேவை முளைத்தது. பழைய சட்டகத்துக்குள் புதிய தேவை குடியேறியது. மலாயாச் சங்கத்தையும் ரொறன்ரோச் சங்கத்தையும் பெயர்ப்பலகையை வைத்து ஒன்றென்று சொல்வது, மடத்தையும் அகதி முகாமையும் இரண்டிலும் பாய் விரித்திருக்கிறது என்பதற்காக ஒன்றென்று சொல்வதைப் போன்றது.

அந்தத் தேவையின் தன்மையைச் சங்கங்கள் தம் விழாக்களுக்கு வைத்த பெயர்களே காட்டிக்கொடுக்கின்றன. கனடாவின் புங்குடுதீவுப் பழைய மாணவர் சங்கம் ‘பூவரசம் பொழுது’ என்று விழா எடுக்கிறது. காரைநகரார் ‘காரை வசந்தம்’ என்கிறார்கள். பிரித்தானியாவின் புங்குடுதீவு நலன்புரிச் சங்கம் வைத்த பெயர் ‘காற்றுவெளிக் கிராமம்’. அது புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினத்தின் தொகுதி ஒன்றின் பெயர். ஆட்கள் போய், காற்று மட்டும் நடமாடும் ஊரைப் பற்றிய கவிதைகள் அவை. வெறிச்சோடிய ஊரைப் பாடிய நூலின் பெயரில் இலண்டனில் மண்டபம் நிறையக் கூட்டம் கூடுகிறது என்றால், அங்கே கொண்டாடப்படுவது என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

‘அங்கே எவரும் போரைப் பற்றிப் பேசுவதே இல்லை, சங்கீதக் கதிரையும் கயிறிழுத்தலும்தானே’ என்பது இரண்டாவது மறுப்பு. கோடைகால ஒன்றுகூடல் ஒன்றின் நிகழ்ச்சிநிரலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஸ்காபரோப் பூங்கா ஒன்றில் காலை பத்து மணிக்குப் பதாகை கட்டுவார்கள். ஓட்டப் போட்டி, கிளித்தட்டு, முட்டி உடைத்தல், அதிர்ஷ்டலாபச் சீட்டு. ஒரு மூலையில் பெரிய கிடாரத்தில் ஒடியற்கூழ். ஆனால் முதல் நிகழ்ச்சியைக் கவனிக்க வேண்டும். மங்கல விளக்கு ஏற்றியதும் அகவணக்கம்: போரில் இறந்த உறவுகளுக்காக எல்லோரும் தலை குனிந்து நிற்கும் ஒரு நிமிடம். பெயர் சொல்லப்படாத அந்த நிமிடத்தில், கடற்படையினர் கொன்றவரும் இயக்கத்தில் போய் இறந்தவரும் இயக்கம் கொன்றவரும் ஒன்றாக நிற்கிறார்கள். இது பலவீனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இது அந்த அமைப்பின் ஆதார உத்தியாகப் படுகிறது. பெயரைச் சொல்லத் தொடங்கினால் எந்தப் பெயரை விடுவது என்ற வழக்கு வரும், வழக்கு வந்தால் சங்கம் இரண்டாகும். அந்தக் காலத்து நெருக்கடியும் அப்படி. 2006இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தமிழ்க் குடும்பங்களிடம் இறுதிப் போருக்கென்று பணம் வற்புறுத்தி வாங்கப்பட்டதை விரிவாகப் பதிவு செய்தது. அதே ஆண்டு கனடா புலிகளைத் தடைசெய்தது. இரு பக்கமும் நெருப்பாக இருந்தபோது ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் நின்றவர்களுக்குக் கொஞ்சம் நிழல் கிடைத்தது. ஊரில் இருந்தவருக்கும் அந்தச் சொல்லே காப்பு: பழைய மாணவர் சங்கம் கட்டிய வகுப்பறையை எந்தச் சோதனைச் சாவடியும் கேள்வி கேட்காது.

ஒடியற்கூழையும் விட்டுவிட முடியாது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில், அகப்பட்ட மீனையும் நண்டையும் கீரையையும் போட்டுக் காய்ச்சுவது. நெல் போதுமாக விளையாத மண்ணின், பஞ்ச காலத்தின் உணவு. அமெரிக்கக் கிழவர்கள் காய்ந்த பிஸ்கற்றை விரும்பித் தின்றதைப் போலவே, இங்கும் இல்லாமையின் உணவு ஆண்டுக்கொருமுறை விருந்தாகிறது. சாப்பாட்டுக் கடையில் ஒடியற்கூழ் வாங்கலாம். ஆனால் பூங்காவில் பிளா கோலி வரிசையில் நின்று வாங்குவதற்குத்தான் மிசிசாகாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பழைய படைவீரர் தம் சீருடையை ஆண்டுக்கொருமுறை எடுத்து மாட்டுவதுபோல இது.

மூன்றாவது மறுப்பு எனக்கு மிகவும் கடினமானது. படைவீரருக்கு ஒரே அணிவகுப்பு, ஒரே பட்டியல்; ஊர் என்பது எப்போது ஒன்றாக இருந்தது? புங்குடுதீவின் எழுத்தாளர் மு. தளையசிங்கம், ஒடுக்கப்பட்ட சாதியினர் நன்னீர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக 1971இல் போராடிப் பொலிசாரிடம் அடிபட்டார். 1973இல், நாற்பது வயதை எட்டுமுன்பே இறந்தார். கிணற்றையே பகிர மறுத்த ஊர், பூங்காவில் ஒரே கிடாரத்துக் கூழைப் பகிர்வதை எவ்வளவு தூரம் நம்புவது? இதற்கு முழுமையான பதில் கிடையாது. சங்கங்களின் நிர்வாகசபைப் பட்டியலில் எந்த வட்டாரத்தின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, பணம் எந்தக் கோயிலின் கோபுரத்துக்குப் போகிறது, எந்தப் பாடசாலையின் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கிறது என்று பார்த்தால் பழைய ஊரின் கோடுகள் தெரியத்தான் தெரியும். கோபுரத்துக்குச் சேரும் பணம் ஆஸ்பத்திரிக்குச் சேர்வதில்லை என்ற குறையும் நியாயமானது. ஆனால் படைவீரர் சங்கங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அமெரிக்க வடபகுதிச் சங்கத்தில் கறுப்பினப் படைவீரர் பலர் தனிக் கிளைகளில்தான் இருந்தார்கள். ஒரே போரில் இருந்தவர்கள் என்பதால் எவரும் ஒரே பந்தியில் இருந்துவிடுவதில்லை. தீவகச் சங்கங்களின் குறை, அவை ஊரின் சங்கங்கள் என்பதிலிருந்து பிறக்கிறது. போர் தப்பியோரின் சங்கங்கள் என்ற என் வாதத்தை அது அசைக்கவில்லை.

இரு வகைச் சங்கங்களும் பிரியும் இடம் பணத்தில் இருக்கிறது. படைவீரர் சங்கம் அரசிடம் கேட்கும். அமெரிக்காவில் 1890களில் அந்த ஓய்வூதியமே மத்திய அரசின் மிகப் பெரிய செலவுகளில் ஒன்றாயிற்று. தீவகச் சங்கத்துக்குக் கேட்க ஒரு வாசல் இல்லை. ஆகவே அதுவே அரசின் வேலையைப் பார்க்கத் தொடங்கியது: விதவைக்குத் தையல் இயந்திரம், தகப்பன் இல்லாத பிள்ளைக்கு மாதாந்த உதவி, பாடசாலைக்குக் கணினி, கிணற்றுக்கு இறைப்பு இயந்திரம். நெடுந்தீவில் இப்போது வாழ்வோர் நாலாயிரம் பேரளவில்தான். அந்தத் தீவின் பெயரில் பல நாடுகளில் ஒன்றியங்கள் இயங்குகின்றன.

இனி மிஞ்சுவது வயது. 1991இல் வள்ளம் ஏறி ஓடிய இருபது வயதுக்காரருக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை பூங்காவுக்கு வருவது நூறு மீற்றர் ஓட்டத்துக்கும் கிண்ணத்துக்கும்தான்; தாய் சொல்லும் வள்ளக் கதை அதற்குத் தூரத்துக் கதை. வூல்சனோடு முடிந்த சங்கத்தைப் போல இவையும் முடியும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அமெரிக்கச் சங்கம் வாசலில் ‘நீ போரிட்டாயா’ என்று கேட்டது. தீவகச் சங்கம் ‘நீ ஆருடைய பிள்ளை’ என்று கேட்கிறது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் ஆண்டுக்கு ஆண்டு குறைவார்; இரண்டாவதற்கு அப்படிக் கட்டாயம் இல்லை. டச்சுக்காரர் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் தம் ஊர்ப் பெயர்களை வைத்துவிட்டுப் போனார்கள். அவற்றில் டெல்ஃப்ற் மட்டும் பெயர்ப்பலகைகளில் தங்கியது, மற்றவை வரைபடத்தோடு போயின. கடல் தாண்டிக் கொண்டுபோன ஊர்ப்பெயர் எது தங்கும், எது போகும் என்பதை முன்கூட்டிக் கணிக்க யாராலும் முடிந்ததில்லை.

குமுதினி அந்த மே 15க்குப் பிறகு கழுவித் திருத்தப்பட்டு, மறுபடியும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் விடப்பட்டது. இன்னும் பல ஆண்டுகள், பள்ளிக்கூட ஆசிரியர்களையும் அரிசி மூட்டைகளையும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு, அதே கடலில் ஓடியது.